படகை இறுக்கிக் கட்டினவன்

எங்க லாரித் தொழில்ல பொறாமைங்கறது அடுத்தவன் புது வண்டி எறக்கினா வர்றது. அது பெரிய வியாதி இல்லை. ஒரு டீயைக் குடிச்சுட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்குது, நம்பர்தான் ராசியில்லை"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், எறங்கிரும். நான் இங்க எழுதப்போறது அந்தப் பொறாமை இல்லைங்க. கட்டின பொண்டாட்டி இன்னொருத்தனைப் பாத்து வாய்விட்டுச் சிரிச்சதுக்கு எனக்கு வந்த வயித்தெரிச்சல். நடந்து ரெண்டு வருசம் ஆகுது.

எனக்கு நாமக்கல்லுல தார்ப்பாய் பட்டறை. லாரி லோடு மேல மூடற தார்ப்பாய் தெச்சுக் குடுக்கறது, கயிறு விக்கறது. அதுக்கு முன்னாடி பன்னெண்டு வருசம் வண்டி ஓட்டினவன். லோடு கட்டறதுல என்னை மிஞ்ச ஆள் கெடையாது, வேணும்னா ஸ்டாண்டுல வந்து கேட்டுப் பாருங்க. கயித்துல ஒரு சுருக்குப் போட்டு, நுனியைக் கொக்கியில மாட்டி, திரும்ப அந்தச் சுருக்குக்குள்ள உட்டு, ஒரு காலை வண்டிச் சட்டத்துல ஊனி, உடம்பு எடை மொத்தத்தையும் போட்டு இழுக்கணும். கட்டி முடிச்சுட்டு விரல்ல சுண்டிப் பாக்கணும். 'டொய்ங்'னு சத்தம் வந்தாத்தான் அது கட்டு. தொளதொளன்னு இருந்தா அது எந்த வளைவுல கொட்டுமோ தெரியாது. பன்னெண்டு வருசத்துல நான் கட்டின ஒரு மூட்டை ரோட்டுல விழுந்ததில்லை.

அப்பப் பொண்ணு ஏழாவது படிச்சுட்டு இருந்தா. கூடப் படிக்கற புள்ளை ஒண்ணு ஏற்காட்டுல கூடாரம் போட்டுத் தங்கிட்டு வந்து போட்டோ காட்டியிருக்குது. எங்க மகாராணி ரெண்டு நாள் சோறே சரியாத் திங்கலை. "கேம்ப்பிங் போலாம்ப்பா, கேம்ப்பிங் போலாம்ப்பா"ன்னு ஒரே நச்சு. கூடாரத்தை வெளிய வாங்கறதுக்கா நான் பட்டறை வெச்சிருக்கேன்? பச்சைத் தார்ப்பாய்ல நானே தெச்சேன். ஆறு பேர் தாராளமாப் படுக்கலாம். ஓரத்துக்கு ரெட்டைத் தையல், மூலைக்கு மூலை பித்தளை வளையம், மழை வந்தா ஒரு சொட்டு உள்ள எறங்காது. மொட்டை மாடியில கட்டிக் காட்டினேன். பக்கத்து ஊட்டுக்காரங்க எல்லாம் வந்து உள்ள உக்காந்து பாத்துட்டுப் போனாங்க.

கொல்லிமலைக்குப் போலாம்னுதான் நான் நெனச்சிருந்தேன். ஊட்டுக்காரி மாவு கரைச்சுட்டு இருந்தவ தலையைத் தூக்காமயே, "எங்க துறைக்குப் போலாங்க. டேம்ல தண்ணி ஏறுதாம். நடுவுல இருக்கற கரட்டைச் சுத்தித் தண்ணி நின்னு திட்டு ஆயிருக்கும். மச்சான்கிட்டச் சொன்னாப் படகுல கொண்டு போய் உட்டுருவாரு"ன்னா. கரண்டி நின்ன எடத்துலயே நின்னுது. நெனப்புல அவ அங்கயே போயிட்டா.

துறைங்கறது அவ பொறந்த ஊரு. மேட்டூர் தாண்டி, கொளத்தூரும் தாண்டி, அணைத்தண்ணி தேங்கி நிக்கற கரையில இருக்குது. அக்கரை தர்மபுரி ஜில்லா. பாலம் கெடையாது. ரோட்டுல சுத்திப் போனா அரை நாள் ஆகும், படகுல போனா அரை மணி. அதனால ஊர்ல பாதிப் பேருக்குப் படகுதான் பொழப்பு, மீதிப் பேருக்கு மீன்.

மச்சான்ங்கறது அவளோட தாய்மாமன் மகன். முறைப் பையன். அவனுக்குத்தான் அவளைக் குடுக்கறதா இருந்துச்சுன்னு எங்க கல்யாணப் பந்தியிலயே ஒரு அம்மா என் காதுல போட்டுருச்சு. சாப்பிட்டுட்டு இருந்த ஜாங்கிரி அப்படியே நின்னு போச்சு. என் மாமனார்தான் மாத்தினாராம். தண்ணியில கெடந்து நான் பட்டது போதும், புள்ளை ரோட்டோரமாப் பொழைக்கட்டும்னு லாரிக்காரனைத் தேடிப் புடிச்சாராம். அவளுக்கு யார் மேல இஷ்டம்னு அப்ப யாரும் கேக்கலை. பதினஞ்சு வருசமா நானும் கேக்கலை. கேட்டு, அவ ஏதாவது சொல்லித் தொலைச்சுட்டாள்னா?

முறைப்படி பாத்தா அவன் எனக்கு அண்ணன் ஆகணும். ரெண்டு வயசு மூப்பும்கூட. நேர்ல "வாங்கண்ணா, சாப்பிட்டீங்களாண்ணா"தான். இங்க அவன் இவன்னு எழுதறேன்னா, மனசுக்குள்ள நான் அப்படித்தான் கூப்பிட்டுட்டு இருந்தேன். எழுதறதுன்னு ஆயிப் போச்சு, அதுல என்ன பூசி மெழுகறது.

ஆவணி மாசம், சேந்தாப்பல மூணு நாள் லீவு. வெள்ளிக்கெழமை விடியறதுக்குள்ள கெளம்பினோம். சங்ககிரி தாண்டினதும் அவ பொண்ணுக்குக் கதை சொல்ல ஆரம்பிச்சுட்டா. துறையில படகுக்கெல்லாம் நாள் முறை உண்டாம். தன் முறை அன்னைக்கு முதல் நடைக்குப் படகு வந்து நிக்கலைன்னா அந்த நாள் அடுத்த ஆளுக்குப் போயிருமாம். "காத்துல படகு கவுந்தாக் கூட ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சாமி. கட்டி வெச்ச எடத்துல முழுகிப் போச்சுன்னு வெய்யி, அதோட அந்தாள் படகுல சனம் ஏறாது. கட்டத் தெரியாதவன் ஓட்டறதுல போய் யாராச்சும் கொழந்தையோட உக்காருவாங்களா?" அப்படின்னா. எனக்கு ஒரு ஓரத்துல சந்தோசம். கட்டறது நம்ம வித்தையாச்சே.

துறைக்குப் போறப்ப மணி எட்டு. சந்தை கூடின கூட்டம். அக்கரையிலிருந்து வந்த படகுலிருந்து ரெண்டு பைக்கு, ஒரு வெள்ளாடு, நாலு மூட்டை நெலக்கடலை, கைக்கொழந்தையோட ஒரு பொம்பளை, எல்லாம் ஒண்ணா எறங்குது. ஒரு பையன் முழ அகலப் பலகை மேல பைக்கை அப்படியே ஸ்டார்ட் பண்ணி ஓட்டிட்டுக் கரைக்கு வாரான், கீழ ஆள் ஒசரத் தண்ணி. இந்தப் பக்கம் மீன் பரிசல் எல்லாம் கவுத்துப் போட்டு வரிசையாக் கெடக்குது. எடை போடற கொட்டாயில கட்லா மீனு தொப்பு தொப்புன்னு விழுகுது. டீசல் நாத்தமும் மீன் நாத்தமும் டீக்கடை வடை வாசமும் ஒண்ணாக் கலந்து மூக்குல ஏறுது. கூச்சல், சிரிப்பு, கெட்ட வார்த்தை. நம்ம லாரி ஸ்டாண்டுதான், என்ன, டயருக்குப் பதிலாத் தண்ணி. எனக்குக்கூடக் கொஞ்சம் புடிச்சுது.

அது "மச்சான்!"னு ஒரு குரல் கேக்கற வரைக்கும்.

என் பொண்டாட்டி குரல்தான். ஆனா அந்தச் சத்தத்துல நான் கேட்டதே இல்லை. ஊட்டுல அவ எனக்குக் கேக்கற மாதிரி "ஏனுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவா, அவ்வளவுதான். இங்க செருப்பைக் கழட்டி உட்டுட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல தூக்கிச் செருகிட்டு, சேத்துல ஓட்டமா ஓடறா. அவன் லுங்கியை மடிச்சுக் கட்டி, பனியனோட, படகு மேல நின்னுட்டு இருந்தான். கறுத்த ஆளு. நாப்பத்தஞ்சு வயசுல தொப்பைன்னு ஒண்ணு இல்லை. எனக்கு உண்டு. "ஏன்டி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"னான். 'டி' போட்டான் பாருங்க. நான் கட்டின பொண்டாட்டியை நாலு பேர் முன்னால நானே 'டி' போட மாட்டேன். அவ சிரிச்சா. தலையைப் பின்னால சாச்சு, வாயை மூடாம. நான் அவ செருப்பைப் பொறுக்கிக் கையில புடிச்சுட்டுப் பின்னால போனேன்.

"வாங்க தம்பி, வாங்க"ன்னு எனக்குக் கை குடுத்துப் படகுல ஏத்தினான். ஏறினதும் படகு ஒரு ஆட்டம் ஆடுச்சு, நான் அவன் கையை ரெண்டு கையாலயும் புடிச்சுட்டேன். எனக்கு நீச்சல் தெரியாதுங்க. எங்க ஊர்ப் பக்கம் தண்ணிங்கறது ஆயிரம் அடி போர் போட்டு மேல கொண்டு வர்றது, அதுல போய் யார் விழறது? ஆரஞ்சு கலர் மிதவைச் சட்டையை எடுத்து மாட்டினேன். பொண்ணு ஒண்ணு மாட்டுச்சு. என் ஊட்டுக்காரி மாட்டலை. அவ மூங்கில் கழியை எடுத்துக் கரையில ஊனி ஒரு தள்ளுத் தள்ளினா பாருங்க, படகு வழுக்கிட்டுப் போச்சு. அவளுக்கு அது தெரியும்னே எனக்குத் தெரியாது. பதினஞ்சு வருசம் ஒரே ஊட்டுல இருந்திருக்கேன்.

திட்டு சின்னதுதான். பாறையும், கருவேல மரமும், ஒரு பக்கம் சரிவும். அங்க தங்கறதுக்கு யார்கிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்டயெல்லாம் அவனே சொல்லி வெச்சிருந்தான். அடுப்புக்கு வெறகு முந்தின நாளே கொண்டாந்து போட்டிருந்தான். பொண்ணு வெளையாட ஒரு சின்னப் பரிசலைப் படகுக்குப் பின்னால கட்டி இழுத்துட்டு வந்தான். அவன் பொண்டாட்டியும் சட்டி பானையோட வந்திருந்தா. எனக்கு அண்ணி முறை. நான் என்ன பண்ணினேன்? கூடாரம் கட்டினேன். எட்டுக் கயிறும் டொய்ங் டொய்ங்னு பேசற மாதிரிக் கட்டினேன். அவன் சுத்தி வந்து தடவிப் பாத்துட்டு, "அடேங்கப்பா, தையல்னா இது தையல் தம்பி"ன்னான். மனசாரத்தான் சொன்னான். அதுவும் எனக்குப் புடிக்கலை. குத்தம் கண்டுபுடிச்சிருந்தாலாவது ரெண்டு வார்த்தை திருப்பிக் குடுத்திருக்கலாம்.

மத்தியானத்துக்குள்ள என் பொண்ணு பரிசல் ஓட்டக் கத்துக்கிச்சு. முதல்ல ஒரே எடத்துல கிறுகிறுன்னு சுத்திட்டு இருந்துச்சு. அவ அம்மா கரையில உக்காந்து, "துடுப்பை முன்னால போட்டு உன் பக்கம் இழுடி"ன்னு கத்த, அது நேராப் போக ஆரம்பிச்சுருச்சு. "பெரியப்பா, பாருங்க! பெரியப்பா, பாருங்க!"ன்னு ஒரே கூப்பாடு. அப்பான்னு ஒருத்தன் ஆரஞ்சுச் சட்டையோட பாறை மேல உக்காந்திருக்கானே, அவனையும் ஒரு தடவை கூப்பிடலாமில்ல? கூப்பிடலை.

அண்ணி மீன் ஆஞ்சுட்டு இருந்தாங்க. நான் பக்கத்துல போய் உக்காந்தேன். என் மூஞ்சியை ஒரு பார்வை பாத்தாங்க.

"ஏனுங்க கொழுந்தனாரே, காதுல பொகை வருது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க அண்ணி. வெயிலு."

"ஆமாமா, வெயிலு. எனக்கும் கல்யாணம் ஆகி வந்த முதல் வருசம் இந்த வெயில் அடிச்சுதுங்க. உங்கண்ணன் வாயத் தொறந்தா 'அவ இருந்தா இப்படி வலை போடுவா, அவ இருந்தா இப்படித் துடுப்புப் போடுவா'ன்னு ஒரே அவ புராணம். வயிறு எரிஞ்சு போச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, தெனம் இருவது கிலோ மீன் கழுவணும். எரியறதுக்கு நேரம் ஏது?"ன்னு சிரிச்சுட்டு, செதில் ஒட்டின கையோட சட்டியை என் பக்கம் தள்ளி, "இந்தாங்க, நீங்களும் நாலு மீனு கழுவுங்க, அடங்கிரும்"னாங்க. கழுவினேன். அடங்கலை.

சாயங்காலம் அவனும் என் பொண்டாட்டியும் பொண்ணும் பரிசல்ல வலை விரிக்கப் போனாங்க. "நீங்களும் வாங்க"ன்னு அவ ஒரு தடவைதான் கூப்பிட்டா. ரெண்டாந்தடவை கூப்பிட்டிருந்தாப் போயிருப்பேன். வேண்டாம்னு தலையை ஆட்டிட்டுக் கரையில நின்னேன். தண்ணி மேல சத்தம் நல்லாக் கேக்குங்க. அவங்க எங்கயோ தூரத்துல புள்ளியாத் தெரியறாங்க, அவ சிரிக்கறது என் காதுக்குப் பக்கத்துல கேக்குது. என்ன சொல்லிச் சிரிக்கறாங்கன்னு மட்டும் கேக்கலை. அதுதான் என்னைக் கொன்னுது.

அப்பத்தான் படகு கண்ணுல பட்டுச்சு. ஒரே ஒரு கயிறு. கருவேல மரத்து வேர்ல ரெண்டு சுத்துச் சுத்தி, பத்தடிக் கயித்தைத் தொளதொளன்னு உட்டிருந்தான். படகு இப்படிக் கொஞ்சம் போகுது, அப்படிக் கொஞ்சம் வருது, அவுத்து உட்ட மாடாட்டம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இதுதானா உங்க கட்டு? இதுக்குத்தானா ஊரே இவனைப் படகுக்காரன்னு தூக்கி வெச்சு ஆடுது? லோடு ஏத்தின வண்டியை இப்படிக் கட்டியிருந்தா எங்க ஓனர் செருப்பாலயே அடிச்சிருப்பார்.

அவுத்தேன். கூடாரத்துக்குக் கொண்டாந்ததுல மிச்சம் இருந்த கயித்தை எடுத்தேன். படகைக் கரையோட ஒட்டி இழுத்து, மூக்குப் பக்கம் ஒண்ணு, வால் பக்கம் ஒண்ணு, ரெண்டையும் பாறை இடுக்குல இருந்த வேருக்குச் சுருக்குப் போட்டு, காலைப் பாறையில ஊனி, அன்னைக்கு இருந்த ஆத்திரம் மொத்தத்தையும் போட்டு இழுத்தேன். படகு அசையலை. சுண்டிப் பாத்தேன். பேசுச்சு. காலையில இவன் வந்து பாக்கட்டும், கட்டுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கட்டும்னு நெனச்சேன். அவ முன்னால பாக்கட்டும்னுதான் நெனச்சேன், அதையும் சொல்லிடறேன்.

அவங்க இருட்டறப்ப வேற பக்கமாப் பரிசலை ஏத்திட்டு வந்தாங்க. படகை யாரும் பாக்கலை. அவன் எப்பவும் படகுலயேதான் படுப்பானாம். நான் உட்டேனா? "என்னங்கண்ணா, நான் தெச்ச கூடாரத்துல ஒரு நாள் படுத்துப் பாக்காம இருந்தா எப்படிங்க?"ன்னு கையைப் புடிச்சு இழுத்து உள்ள படுக்க வெச்சேன். காலையில ஏழு மணி நடை அவன் முறை. விடியறதுக்கு முன்னால எந்திரிச்சுப் போகணும்னு சொல்லிட்டுத்தான் படுத்தான்.

தண்ணி ஏறிட்டு இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், டிவியில பாத்ததுதான். மேல மழை, டேம் ஏறுது. ஏறினா என்னன்னு நான் யோசிக்கலை. லாரிக்குக் கீழ ரோடு ஏறாதுங்க. அது எங்க இருக்குதோ அங்கதான் இருக்கும்.

வெளிச்சம் வந்தும் வராமலும் அண்ணி கத்தற சத்தம் கேட்டு ஓடினோம். முழங்கால் அளவுக்குத் தண்ணி ஏறியிருந்துச்சு. வேர் ரெண்டும் தண்ணிக்குள்ள. என் கயிறு ஒரு விரக்கடைகூட எளகிக் குடுக்கலை. தண்ணி ஏறஏறப் படகு மேல வரப் பாத்திருக்குது, கரைப்பக்கத்து ஓரத்தை என் கட்டு கீழயே புடிச்சு வெச்சிருக்குது. அப்படியே சாஞ்சு, தண்ணியை அள்ளிக் குடிச்சுட்டு முழுகிக் கெடந்துச்சு. வெளிப்பக்கத்து ஓரம் மட்டும் கொஞ்சம் தெரிஞ்சுது. இன்ஜின் மொத்தமும் உள்ள. டீசல் மட்டும் மேல கலர் கலரா மெதந்துச்சு.

அவன் தண்ணிக்குள்ள எறங்கினான். கையை உட்டுத் தடவினான். அவுக்கப் பாத்தான், முடியலை. நனைஞ்ச கயிறு, என் முடிச்சு. அண்ணி அருவாளைத் தூக்கிக் குடுத்தாங்க. அறுத்து, கயித்தோட நுனியை மேல எடுத்துப் பாத்தான். என் பொண்டாட்டியும் பாத்தா. பதினஞ்சு வருசமா என் கையில அந்தச் சுருக்கைப் பாத்துட்டு இருக்கறவ. தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பாத்தா. அதுக்கப்பறம் பாக்கலை. அவனும் ஒரு தடவை என்னைப் பாத்தான். கயித்தைச் சுருட்டிப் பாறைக்குப் பின்னால போட்டுட்டு, கரட்டு உச்சிக்கு ஏறிப் போன் பண்ணினான்.

அரை மணியில ரெண்டு படகு வந்துச்சு, அஞ்சு ஆளுக. முன்னால நின்ன பெரியவருக்கு வெள்ளை மீசை, துறைக்கு அவர் சொன்னாச் சரி. எறங்கலை, நலம் விசாரிக்கலை. முழுகிக் கெடந்ததை ஒரு தடவை பாத்துட்டு, "யாரு கட்டினது?"ன்னார்.

நான் வாயைத் தொறக்கலை.

"நாந்தானுங்க மாமா"ன்னான் அவன். "அசதியில குட்டையாக் கட்டிட்டேன். தண்ணி இப்படி ஏறும்னு நெனைக்கலை."

அஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. "நீயாடா?"ன்னார் பெரியவர். பின்னால இருந்த ஒருத்தன், "இன்னைக்கு முறையை மாத்தி உட்டுருங்க. இனி இவன் படகுல யார் ஏறப் போறா"ன்னு மெதுவாத்தான் சொன்னான், எல்லாருக்கும் கேட்டுச்சு. அண்ணி சேலைத் தலைப்பை வாய்க்குள்ள வெச்சுக்கிட்டாங்க. அவன் தண்ணிக்குள்ள இடுப்பளவுல தலையைக் குனிஞ்சுட்டு நின்னான். அப்பன் காலத்துலிருந்து அந்தத் துறையில படகு ஓட்டற குடும்பம்.

நான் என் பொண்டாட்டியைப் பாத்தேன். அவ அவனைப் பாத்துட்டு இருந்தா. கண்ணு நெறையத் தண்ணி. அந்தப் பார்வையை என்னன்னு சொல்றது? பட்டறை தொறந்தப்ப அவ என்னை அப்படிப் பாத்ததில்லை. பொண்ணு பொறந்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினப்பப் பாத்ததில்லை. ஒரு நாள் பாக்க மாட்டாளான்னு நான் பதினஞ்சு வருசமா ஏங்கினது அதுதான்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. அதைத் தூக்கி அவனுக்குக் குடுத்துட்டு இருக்கா. என் முடிச்சுக்கு!

நல்லவனா இருந்திருந்தா, பெரியவர் கேட்டதுமே சொல்லியிருப்பேன். அவன் பொழப்பு போகுதேன்னு நெனச்சுச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. சத்தியமா அந்த நிமிசம் எனக்கு அவன் பொழப்பும் ஞாபகம் இல்லை, அண்ணி அழுகறதும் ஞாபகம் இல்லை. இவ கண்ணுல இவன் சாமியாகிட்டே போறானே, இதை உடக்கூடாதுங்கறது ஒண்ணுதான்.

"அவரு இல்லைங்க!" கத்தித்தான் சொன்னேன். "நான் கட்டினேன். அவரு சரியாத்தான் கட்டியிருந்தாரு. நான் அவுத்துட்டு இறுக்கிக் கட்டினேன்."

பெரியவர் நம்பலை. விருந்தாளி பெருந்தன்மைக்குச் சொல்றான்னு நெனச்சுட்டார். "எங்க, கட்டிக் காட்டுங்க பாப்பம்"னு அவர் படகுக் கயித்தைத் தூக்கிப் போட்டார். ஆரஞ்சுச் சட்டையோட தண்ணியில எறங்கி, மரத்துக்குச் சுருக்குப் போட்டு, காலை ஊனி இழுத்துக் கட்டினேன். பழக்க தோசம் பாருங்க, முடிச்சதும் விரல்ல சுண்டியும் பாத்துட்டேன். அது 'டொய்ங்'னுச்சு. அப்பறம் அஞ்சு பேரும் வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சாங்க. "யோவ், படகை லோடு கட்டியிருக்கான்யா!"ன்னு ஒருத்தன் உக்காந்தே போயிட்டான். என் பொண்ணு ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கிச்சு.

சிரிச்சு முடிச்சதும் பெரியவர் அவன் தோளைத் தட்டினார். "என் படகை எடுத்துட்டுப் போடா. முறை உன்னுதுதான், மணி ஆகுது பாரு"ன்னார். அவன் ஏறினான். ஏறறதுக்கு முன்னால நான் கிட்டப் போய், "ஏங்கண்ணா அப்படிச் சொன்னீங்க?"ன்னு கேட்டேன். மன்னிப்புக் கேக்கத்தான் வாயெடுத்தேன், இதுதான் வந்துச்சு.

"உங்களுக்காகச் சொல்லலைங்க தம்பி"ன்னான், குரலைத் தாழ்த்தி. "பொறந்த ஊர்ல அவ தலை குனியக்கூடாதில்ல."

மறுபடியும் எரிஞ்சுது. இப்பவும் அந்த வார்த்தையை நெனச்சா எரியும். அவன் போனதுக்கப்பறம் நானும் மிச்ச ஆளுகளும் மத்தியானம் வரைக்கும் சோத்துப் பானையில தண்ணியை மொண்டு ஊத்திப் படகை எடுத்தோம். மேட்டூர்லிருந்து மெக்கானிக்கைக் கூட்டியாந்து இன்ஜினைப் பிரிச்சு மாட்டற வரைக்கும் கூடவே நின்னேன். மூணாம் நாள் அது ஓடுச்சு. டீக்கடைப் பக்கம் போனா, "என்னங்க லாரிக்காரரே, டீ கிளாஸைக் கட்டட்டுமா?"ன்னு கேட்டாங்க. கேட்டுட்டுப் போகட்டும், கேக்கற மாதிரித்தானே பண்ணியிருக்கேன்.

திரும்பி வர்றப்ப எடப்பாடி வரைக்கும் அவ பேசலை. பொண்ணு பின்னால தூங்கிட்டா. நான் திட்டு வாங்கறதுக்குத் தயாரா ஸ்டியரிங்கைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன்.

"ஏனுங்க"ன்னா.

"ம்."

"மச்சான் தலையில பழியைத் தூக்கிப் போட்டுட்டு நீங்க பேசாம நின்னீங்களே, எனக்கு உசுரே போயிருச்சுங்க. இந்த மனுசன் கூடவா இத்தனை வருசம் இருந்தோம்னு ஆகிப் போச்சு. அப்பறம் சொன்னீங்க பாருங்க, அத்தனை பேர் முன்னால. யார் சொல்லுவா? அவர் மானம் போகக்கூடாதுன்னு உங்க மானத்தைக் குடுத்தீங்க."

திரும்பிப் பாத்தேன். அதே பார்வை. கண்ணு நெறையத் தண்ணியோட, என்னை.

அதுக்காகச் சொல்லலைடின்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முன்னால சரக்கு லாரி ஒண்ணு போயிட்டு இருந்துச்சு. அதைப் பாத்து ஓட்டிட்டே, சரி உடு, சரி உடுன்னு தலையை ஆட்டி அந்தப் பார்வையை வாங்கிக்கிட்டேன்.